கதவு திறந்தால் லைன் போய்விடும்

"ஹலோ... ஹலோ, லிஃப்ட் உதவி... ஆமாங்க, ஆமா, கேக்குது... நல்லாவே கேக்குது, கத்த வேணாம். நீங்க கத்தினா இங்க வெறும் இரைச்சல்தான் வருது... ஆமா, நின்னுடுச்சு, தெரியுது. இங்க விளக்கு எரியுது... இல்ல, விழாது... விழாதுங்க. மேல அத்தனை கயிறு புடிச்சிருக்கு. அதுல ஒன்னு போதும், உங்க வீட்டையே சாமானோட தூக்கிடும்... சரி, மூச்சை இழுத்து விடுங்க. விட்டுட்டுப் பேசுங்க."

அவள் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே செருகிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவை மூடினாள். லிஃப்ட் கம்பெனியின் கிடங்குக்கு மேலே இருந்த அறை அது. மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். கம்பெனி மாட்டிய லிஃப்ட் எங்கே நின்றாலும், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்தினால் இவள் மேசையில் சிவப்பு விளக்கு எரியும், லைன் வந்துவிடும். கதவு திறந்தால் லைன் தானாகப் போய்விடும். அதனாலேயே இந்த நாற்காலிக்கு வந்த நாளிலிருந்து அவளுக்கு யாரும் நன்றி சொல்லி முடித்ததில்லை. சொல்ல வாயெடுப்பதற்குள் கதவு திறந்துவிடும்.

"எத்தனாவது மாடிக்குப் போனீங்க... எட்டு. இப்ப அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்கறீங்க... உங்க போனுக்கு என்ன ஆச்சு... ஓ, சார்ஜ் இல்லையா. பரவால்ல, இந்த லைன் போகாது... உள்ள எத்தனை பேரு... ரெண்டு. குழந்தைங்க யாரும் இல்லையே... கூட இருக்கறவரு தெரிஞ்சவரா... சரி... சரி... என்னது... உங்க கையைப் புடிச்சாரா... ம்... ம்... குடிச்சிருக்காரா... நாத்தம் தாங்கலையா."

இதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. லிஃப்ட் நின்ற மறுநொடி, அதுவரை கண்ணிலேயே படாமல் பக்கத்தில் நின்ற ஆள் திருடனாகிவிடுவார். ஒருமுறை ஒரு வக்கீல், கூட வந்த துப்புரவுக்காரிதான் எதையோ அழுத்தி நிறுத்திவிட்டாள் என்று சத்தியம் செய்தார். அந்தப் பெண்ணின் இரண்டு கையிலும் வாளி. அழுத்துவதானால் மூக்கால்தான் அழுத்தியிருக்க வேண்டும். இன்னொரு நாள் ஒரு பெரிய மனுஷி, தாடிக்காரப் பையன் ஒருவன் தன்னைக் கொல்லப் பார்க்கிறான் என்று அலறினாள். பின்னணியில் அந்தப் பையன் தன் அம்மாவைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தான். பயம் வந்தால் கண் சுருங்கிவிடும். சட்டை தெரியும், ஆள் தெரியாது.

அதனால் இந்த மேசைக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் பேச்சை மட்டும் கேட்டு முடிவு செய்யக் கூடாது. கூட இருப்பவரிடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் மெக்கானிக்கை அனுப்பும் பொத்தானைத் தட்ட வேண்டும். அவள் ஒருநாளும் அதை விட்டதில்லை.

"அவர்கிட்ட நான் ஒரு வார்த்தை பேசறேங்க, அவரைக் கொஞ்சம் கிட்ட வரச் சொல்... என்ன... பேச வேண்டியதில்லையா... பார்த்தாலே உங்களுக்குத் தெரியுமா. எப்படித் தெரியும்... ஓ, நர்ஸா... டூட்டி முடிச்சு வரீங்களா... ரெண்டு டூட்டி சேர்த்தா. பாவம்... எந்த ஆஸ்பத்திரி, சிஸ்டர்... எந்தப் பிரிவு... அவசரப் பிரிவு."

பொத்தானுக்கு மேலே போயிருந்த அவள் விரல் அங்கேயே நின்றது.

குரல் முதலிலிருந்தே எதையோ கிளறிக்கொண்டுதான் இருந்தது. மூக்கடைத்தது போன்ற குரல். ஒவ்வொரு பேச்சின் தொடக்கத்திலும் நாக்கில் ஒரு சொடுக்கு. பயத்தில் கீச்சிட்டதால் இவ்வளவு நேரம் பிடிபடவில்லை. இப்போது ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னபோது, டூட்டியில் இருப்பவளின் மிடுக்கு அதில் திரும்பி வந்தது. கூட்டத்தில் தொலைந்த மாட்டைக் கழுத்து மணியில் கண்டுபிடிப்பது போல அவள் அந்தச் சொடுக்கைக் கண்டுகொண்டாள்.

"இல்ல, இருக்கேன் சிஸ்டர். லைன்லதான் இருக்கேன்... மெக்கானிக்கா... அனுப்பியாச்சு. கிளம்பிட்டாரு."

அவள் பொத்தானைத் தட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம்னா, எப்படிச் சொல்றது... ஊர்ல உங்க லிஃப்ட் ஒன்னுதான் நிக்குதா. ஒவ்வொன்னாத்தானே பார்க்க முடியும்... ஆமா, ஆமா, உங்களுக்கு அவசரம்தான். வர்றவங்க எல்லாருக்கும் அவசரம்தான்... நான் ஒருத்தி, எத்தனை பேரைப் பார்க்கட்டும் சொல்லுங்க... நீங்க எதுக்கு நின்னுட்டே இருக்கீங்க, உக்காருங்க. பெஞ்சு இல்லையா. அடடா. தரையிலயே உக்காருங்க. கொஞ்ச நேரம்தானே."

அவள் வீட்டுக்காரர் இதே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் வழுக்கி ஓடும் இரும்புத் தண்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டால் தின்னரில் துணியை முக்கித் துடைப்பார்கள். வருஷங்களுக்கு முன்னால் ஒருநாள், துடைத்துக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து தின்னர் டப்பா நழுவி மார் முழுக்கக் கொட்டியது. கை ஏன் நழுவியது என்று யாருக்கும் புரியவில்லை. பேச்சு குழறியது, கால் பின்னியது. கூட வேலை செய்த ஸ்பேனர் அண்ணன் அவரை ஒரு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். இவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அன்று பார்த்து ஒரு பஸ் கவிழ்ந்திருந்தது. வாசலெல்லாம் ரத்தம், அழுகை. இந்த நர்ஸ் கிட்டே வந்தாள், மூக்கைச் சுளித்தாள், நாக்கைச் சொடுக்கினாள். "போதை தெளியட்டும்மா, அப்புறம் பார்க்கலாம். வெளிய பெஞ்சுல உக்கார வை" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். இருமல் மருந்தைக்கூட மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற மனிதர் அவர். பச்சைப் பெஞ்சில் இவள் தோளில் தலை சாய்த்து உட்கார்ந்தார். அந்தத் தலை கனத்துக்கொண்டே வந்தது. யாரோ ஒரு டாக்டர் கடைசியில் வந்து பார்த்தபோது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.

ஆள் போனார். அந்தச் சொல் போகவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன் காதில் விழுந்தது, அவன் வாயிலிருந்து தெருவுக்கு வந்தது. சாவு வீட்டில் அவருடைய சொந்த அண்ணனே இவளைத் தனியாகக் கூப்பிட்டு, எப்போதிருந்து இந்தப் பழக்கம் என்று விசாரித்தார்.

"என்ன... மறுபடியும் கிட்ட வராரா... நீங்க இந்த மூலைக்கு வந்துடுங்க. அவர் அந்த மூலையில கிடக்கட்டும்... என்ன பேசறார்னு புரியலையா. குடிச்சா குழறத்தான் செய்யும்... ஆமா, ஆமா. நீங்க பார்க்காத குடிகாரனா... விடுங்க சிஸ்டர். போதை தெளியட்டும். அப்புறம் பார்க்கலாம்."

அதே ராகத்தில், அதே நாக்குச் சொடுக்கோடு சொன்னாள். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த ராகம். சொல்லி முடித்ததும் நாக்கு தித்தித்தது. கேட்டவள் திடுக்கிடுவாள், திக்குவாள் என்று காத்திருந்தாள்.

"ஹலோ... ஏன் பேச்சைக் காணோம்... நான் இப்ப சொன்னது எங்கயோ கேட்ட மாதிரி இல்லையா உங்களுக்கு... இல்லையா... சரி, விடுங்க... எத்தனை வருஷமா இருக்கீங்க அந்தப் பிரிவுல... அம்மாடி. அப்ப நீங்கதான்... இல்ல, சும்மா கேட்டேன். வாசல்ல பச்சை பெஞ்சு ஒன்னு கிடக்குமே, அது இன்னும் இருக்கா... ஒரு கால் ஆடும்... ஆமா, அட்டையை மடிச்சு முட்டுக் கொடுத்திருக்கும். அது நான் வெச்சது... நான்னா, யாரோ ஒருத்தி. வந்து உக்கார்ந்துட்டுப் போனவ. அங்க உக்கார்ந்தவங்க மூஞ்சியெல்லாம் உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கும்... அழறீங்களா. எதுக்கு அழறீங்க, ஒரு பெட்டிக்குள்ள கொஞ்ச நேரம் நிக்கறதுக்கா... கதவைத் தட்டாதீங்க, தட்டினா திறக்காது. நானும் ஒரு கதவைத் தட்டிப் பார்த்திருக்கேன். என் கை வீங்கினதுதான் மிச்சம்."

அவள் காலை நீட்டி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டாள். மேசை விசிறியின் காற்று முகத்தில் இதமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கிடக்கட்டும் என்று நினைத்தாள். தின்னத் தின்ன ஆசை அடங்காத பண்டம் போல இருந்தது அந்த அழுகை.

"என்ன சத்தம் அது... விழுந்துட்டாரா... என்ன உருளுது... டப்பாவா. என்ன டப்பா... உங்க செருப்பெல்லாம் ஆயிடுச்சா. என்ன ஆயிடுச்சு... வெள்ளையா, என்ன வெள்ளை... பெயின்ட்டா."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இருங்க. பேசாதீங்க, நான் கேக்கறதுக்கு மட்டும் சொல்லுங்க. நாத்தம் தாங்கலைன்னு சொன்னீங்களே, என்ன நாத்தம் அது... சாராய நாத்தமா, தின்னர் நாத்தமா... ரெண்டும் ஒன்னு இல்ல சிஸ்டர். மோந்து பார்த்துச் சொல்லுங்க... தின்னர்... சட்டையில பெயின்ட் தெறிச்சிருக்கா... பையில பிரஷ்ஷு இருக்கா... அவர் பெயின்டர் சிஸ்டர். உங்க கட்டடத்துக்கு அடிக்க வந்தவரு. டப்பாவைக் கை நழுவ விட்டாரே, எந்தக் கை..."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவள் பொத்தானைத் தட்டினாள். தட்டிய பிறகும் விரலை எடுக்கத் தெரியவில்லை. திரும்பத் திரும்பத் தட்டினாள். கூட இருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். வக்கீல் சொன்னபோது நம்பாதவள், பெரிய மனுஷி சொன்னபோது நம்பாதவள், இந்த நர்ஸின் வாயால் வந்த அதே சொல்லை அப்படியே விழுங்கியிருந்தாள். குடிகாரன் ஒருவனோடு இவள் அடைந்து கிடக்கட்டும் என்று சந்தோஷப்பட்டாள். உள்ளே ஒரு மனிதன் குழறிக்கொண்டிருந்ததை அவள் இவ்வளவு நேரம் காதால் கேட்டாள். அவளைத் தவிர இந்த ஊரில் வேறு யார் ஏமாந்திருந்தாலும் மன்னிக்கலாம்.

ரிசீவரை ஒரு காதில் வைத்தபடியே கைப்பேசியை மறு காதில் வைத்து ஸ்பேனர் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, நான்தான். உங்க போன்ல தகவல் வந்துச்சா... ஆமா, அந்தக் கட்டடம்தான். எங்க இருக்கீங்க... பக்கத்துத் தெருவா. ஓடுங்கண்ணே... இல்ல, இப்பதான் அனுப்பினேன். ஏன் லேட்டுன்னு அப்புறம் கேளுங்க, இப்ப ஓடுங்க... உள்ள ஒருத்தருக்கு நம்ம வீட்டுல வந்த மாதிரி வந்திருக்கு... ஆமாண்ணே. அதேதான்... ஆமா, தின்னர் வாசனையோட. ஓடுங்க."

அடுத்து ஆம்புலன்சுக்கு அடித்தாள்.

"ஆம்புலன்ஸா... லிஃப்ட்டுக்குள்ள ஒருத்தர் மயங்கிக் கிடக்காரு, பக்கவாதம்னு தோணுது... கட்டடம் பேரு சொல்றேன், எழுதிக்கோங்க... என்னங்க... இல்ல. குடிக்கல. யாரைப் பார்த்தாலும் முதல்ல அதைத்தான் கேப்பீங்களா... சரி, வாங்க, சீக்கிரம் வாங்க."

ரிசீவருக்குத் திரும்பியபோது அவள் குரலில் தேனும் இல்லை, விஷமும் இல்லை.

"சிஸ்டர், இப்ப நான் சொல்றதைக் கேளுங்க. அவரைப் பாருங்க... இல்ல, அங்கேர்ந்து பார்த்தா போதாது, கிட்டப் போங்க... அவர் உங்களை ஒன்னும் பண்ண மாட்டாரு. உங்க கையைப் புடிச்சது விழாம இருக்கறதுக்கு... எனக்குத் தெரியும். எப்படித் தெரியும்னு கேக்காதீங்க... நடுங்குதா. நடுங்கட்டும், நடுங்கிட்டே போங்க... உங்க வேலைதானே சிஸ்டர் இது. நான் சொல்லித் தரணுமா. லிஃப்ட்டை மறந்துடுங்க. பெட்டுல ஒரு ஆளு படுத்திருக்காரு, பேரு தெரியாது, அவ்வளவுதான். பாருங்க."

மறுமுனையில் துணி உரசுகிற சத்தம். முனகல். பிறகு அந்தக் குரல் யாரோடோ மெதுவாகப் பேசத் தொடங்கியது, இவளோடு அல்ல. கீச்சு இறங்கிக்கொண்டே வந்தது.

"ம்... வாய் ஒரு பக்கம் இறங்கியிருக்கா... ம்... வலது கை தூக்க வரலையா... ஆமா, டப்பா வெச்சிருந்த கை... என்னைக் கேட்டா... நீங்களே சொல்லுங்க, என்ன அது... ஸ்ட்ரோக்கு... ஒருக்களிச்சுப் படுக்க வெச்சீங்களா. சரி. வாயில இருக்கறதைத் துடைச்சீங்களா. சரி... உங்க துப்பட்டாவாலயா... ம்."

இப்போது அது நடுங்காத குரல். கைதேர்ந்தவளின் குரல். எது எது எப்படி என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தது. அன்றைக்குத் தெரியாமல் செய்தவள் என்றால்கூட மனதை ஆற்றிக்கொண்டிருக்கலாம். இந்த நர்ஸுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் முகத்தை ஒருமுறை பார்த்திருந்தால் போதும்.

"நல்லாப் பண்றீங்க சிஸ்டர்... இல்ல, நிஜமாத்தான் சொல்றேன். இவ்வளவு நல்லாப் பண்ணத் தெரிஞ்சவங்க... ஒன்னுமில்ல... வந்துட்டாரு, கீழ வந்துட்டாரு மெக்கானிக்கு. கையால சுத்தி லிஃப்ட்டை இறக்குவாரு, கொஞ்சம் குலுங்கும், பயப்படாதீங்க... என்ன அது, யார் போன் அடிக்குது... அவர் பையிலயா. எடுங்க. என்ன பேரு வருது... 'வீடு'ன்னா."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எடுங்க சிஸ்டர். அவர் சம்சாரமா இருக்கும்... என்ன சொல்றதுன்னா... உடம்புக்கு முடியலைன்னு சொல்லுங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க. நர்ஸ் ஒருத்தி கூடவே இருக்கேன்னு சொல்லுங்க. அப்புறம், அவர் குடிக்கலைன்னு சொல்லுங்க... அவ கேக்கலைன்னாலும் சொல்லுங்க. இன்னிக்கு அவளுக்கு வேற யாராவது வேற மாதிரி சொல்லிடுவாங்க. அதுக்கு முன்னால நீங்க சொல்லிடுங்க... ஆமா, எனக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க."

கேட்டது. ஒரு நர்ஸ், ஒரு மனைவியிடம், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டிய விதத்தில் சொன்னாள். சத்தமாக, தெளிவாக, ஒருமுறைக்கு இருமுறை. இவ்வளவு வருஷமாக அவள் தாகத்தோடு காத்திருந்த வார்த்தை, கண்முன்னே வேறொருத்தியின் கையில் ஊற்றப்பட்டது. அந்தப் பெயின்டரின் மனைவி மேல் அவளுக்கு ஒரு நொடி பொறாமை வந்தது. யாரென்றே தெரியாத ஒருத்தி மேல்.

"சொல்லிட்டீங்களா... கேட்டேன், கேட்டேன்... சரி சிஸ்டர். இப்ப எனக்கும் சொல்லுங்க."

லைனில் லிஃப்ட் ஒருமுறை குலுங்கும் சத்தம் வந்தது. ஸ்பேனர் அண்ணன் மேலே சுற்றத் தொடங்கிவிட்டார்.

"எனக்கும் அதையே சொல்லுங்க. அவர் குடிக்கலைன்னு... இவர் இல்ல. இன்னொருத்தரு. பஸ் கவிழ்ந்த அன்னிக்கு வந்தாரே... ஆமா, அந்த பஸ்தான். அதான் ஞாபகம் இருக்கே உங்களுக்கு... ஆமா... ஆமா, எத்தனை பேரு, எவ்வளவு ரத்தம், எல்லாம் சொல்றீங்க. பஸ் ஞாபகம் இருக்கு. ஆளு ஞாபகம் இல்ல. தின்னர் கொட்டின சட்டையோட, வாய் கோணி, என் தோளைப் புடிச்சுக்கிட்டு வந்தாரு... போதை தெளியட்டும்னு சொன்னீங்க. பெஞ்சுல உக்காரச் சொன்னீங்க... ஆமா சிஸ்டர். அட்டை வெச்சவ நான்தான்."

நர்ஸ் சொல்லிக்கொண்டே போனாள். இவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ம்... ம்... ஆமா, நீங்க ஒரே ஆளு. ஆமா, டாக்டர் இல்ல. கை நடுங்குச்சு, சரி. யார் முகமும் கண்ணுல படல, சரி... தெரியும், அது எப்படி இருக்கும்னு தெரியும். எனக்கும் இப்ப கொஞ்ச நேரம் முன்னாடி அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு நான் வாங்கிக்கட்டிக்கறேன். இங்க பேசறது எல்லாம் பதிவாகுது சிஸ்டர், மெக்கானிக்கை எப்ப அனுப்பினேன்னும் பதிவாகியிருக்கும். மேனேஜர் கேட்டா என் வேலை போயிடும். போகட்டும். என் கணக்கு வேற, உங்க கணக்கு வேற... மன்னிப்பு வேணாம். மன்னிப்பை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும். தெருவுல போய்க் காட்டவா. எனக்கு அந்த ஒரு வார்த்தை வேணும்... என்ன... ஞாபகம் இல்லாத ஆளைப் பத்தி எப்படிச் சொல்றதுன்னா."

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை அது.

"அன்னிக்கு, தெரியாத ஆளைப் பத்திச் சொன்னீங்களே சிஸ்டர். அது மட்டும் எப்படி வந்துச்சு."

கைப்பேசி அடித்தது. இந்த மேசைக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. உள்ளே இருப்பவர்கள் கதவில் சாய்ந்திருந்தால் திறக்கும்போது தலைகுப்புற விழுவார்கள். அதனால் மேசையிலிருந்து 'திற' என்று சொல்லாமல் மெக்கானிக் கதவைத் திறக்க மாட்டார்.

"சொல்லுங்கண்ணே... அஞ்சுக்கு இறக்கியாச்சா... ஆம்புலன்ஸ்காரங்களும் நிக்கறாங்களா... இருங்க. ஒரு நிமிஷம் இருங்க."

இரண்டு காதிலும் இரண்டு பேர் காத்திருந்தார்கள். அவள் 'இரு' என்றால் கதவு இருக்கும். கதவு இருக்கும்வரை லைன் இருக்கும். லைன் இருக்கும்வரை அந்த நர்ஸ் அவள் கையில். இன்னும் கொஞ்சம் நெருக்கினால் சொல்லிவிடுவாள் என்பது அவளுக்குத் தெரிந்தது. அழுகை உடையும் இடம் குரலில் வந்துவிட்டிருந்தது. அதற்குப் பின்னால், தரையில், ஒருவர் மூச்சை இழுத்து இழுத்து விடுகிற சத்தமும் வந்தது. அந்த மூச்சு அவளுக்குத் தெரிந்த மூச்சு. அதைத் தோளில் வைத்துக் கேட்டிருக்கிறாள்.

"சிஸ்டர், அவர் கால் கதவுல முட்டிட்டு இருக்கா பாருங்க... தள்ளி எடுங்க... பூவா எடுங்க... எடுத்தாச்சா. நீங்களும் தள்ளிக்கோங்க... அண்ணே. திறங்க."

கைப்பேசியை மேசை மேல் வைத்தாள். ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப லைன் போயிடும் சிஸ்டர். நீங்க சொல்லல. பரவால்ல, நான் விடறதா இல்ல. நாளைக்கு உங்களுக்கு என்ன டூட்டி... காலையிலயா. நான் வரேன். அந்தப் பச்சை பெஞ்சுலதான் உக்கார்ந்திருப்பேன். நாளைக்கு இல்லைன்னா மறுநாளும் உக்கார்ந்திருப்பேன். கூட்டம் இருந்தாலும் சரி, இன்னொரு பஸ் கவிழ்ந்தாலும் சரி. நீங்க வெளிய வந்து, என் முகத்தைப் பார்த்து, அந்த வாட்ச்மேன் காதுல விழற மாதிரி, அவர் குடிக்கலைன்னு... என்ன... என்ன சிஸ்டர்... சொல்லுங்க... சொல்லுங்க..."

மறுமுனையில் ஒரு வாய் திறப்பது கேட்டது. கதவும் திறந்தது.